மஞ்சளா, பச்சையா?

“கடல் வாசல்ல இரிக்கி. அத ஏன் புள்ள ஊட்டுக்குள்ள கொண்டு வாறீங்க?” என்று மூத்தம்மா கேட்டார். நிந்தவூரில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. இரவில் தெரு அடங்கினால் அலைச் சத்தம் கட்டில் வரைக்கும் வரும். அப்படியிருந்தும் என் தம்பிக்குக் கடல் மீன் தொட்டிதான் வேண்டுமாம். தங்க மீனும் கப்பியும் அவன் கண்ணுக்கு மீனாகவே படவில்லை. கார்ட்டூன் படத்தில் கண்ட கோமாளி மீன் வேண்டும். “தரம் 5 புலமைப்பரிசில் சோதினை முடியட்டும், பார்ப்பம்” என்று வாப்பா ஒரு நாள் சொன்னதை, கையொப்பம் வாங்காத குறையாக அவன் நினைவில் வைத்திருந்தான். ஓகஸ்ட் மாதம் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தவன், சப்பாத்தைக் கழற்றுமுன்பே அதைப் பற்றித்தான் கேட்டான்.

தொட்டி கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்தது. இரண்டரை அடி நீளம்; உள்ளே கல்லும் ஓடும் போட்ட பிறகு ஏறக்குறைய தொண்ணூறு லீற்றர் தண்ணீர் பிடிக்கும். வாப்பா சுபஹ் தொழுத கையோடு மோட்டார் சைக்கிளில் இருபது லீற்றர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு போய், வலை இழுக்காத பக்கமாகப் பார்த்து, ஐந்து நடையில் கடல் தண்ணீரைச் சேர்த்தார். ஓடு என்று சொன்னேனே, அது பழைய சமையலறைக் கூரையிலிருந்து எடுத்த உடைந்த ஓடுதான். வெளிநாடுகளில் இப்படியான தொட்டிக்குள் நுண்ணுயிர் படிந்த முருகைக்கல்லை வைப்பார்கள். நமது நாட்டில் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் ஊர் அதைச் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். கடலின் கோபத்தைக் கரைக்கு வருமுன் தணிப்பது அந்தக் கல்தான். 2004 டிசம்பரைப் பற்றி எங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

“நீ உயிரியல் படிக்கிற புள்ளதானே, தண்ணிக்கு நீதான் பொறுப்பு” என்று வாப்பா என்னிடம் சொல்லிவிட்டார். தண்ணீர் சரி என்று நான் சொல்லும் வரைக்கும் மீன் வராது. அதைக் கேட்ட மூத்தம்மா தம்பியையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டினார். “கடல்ல இருக்கும் மட்டும் அது அல்லாஹ்ட பொறுப்பு. கண்ணாடிக்குள்ள போட்டா அது உங்கட அமானிதம்” என்றார். தம்பி தலையாட்டினான். எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

மீனுக்கு எதிரி அதன் சொந்தக் கழிவுதான். நாம் புரதத்தை உண்டு மிஞ்சும் நைத்திரசனை யூரியாவாக்கிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அதைப் பெரும்பாலும் அமோனியாவாகவே பூக்களால் வெளிவிடுகிறது. கடலில் அது எங்கோ கரைந்துபோகும். தொண்ணூறு லீற்றர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் போக இடமில்லை. மீன் தான் விட்டதையே திரும்பச் சுவாசிக்கும். மண்ணிலும் நீரிலும் இதைச் சுத்தம் செய்யும் பற்றீரியாக்கள் உண்டு என்பதை உயர்தரப் புத்தகத்தில் நைத்திரசன் வட்டம் என்ற படத்தில் அம்புக்குறிகளாகப் பார்க்கிறோம். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். 1890ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவை வேலைக்காக அல்ல, வயிற்றுப்பாட்டுக்காகவே இதைச் செய்கின்றன என்று காட்டினார். அமோனியாவை ஒட்சியேற்றும்போது வரும் சக்தியில்தான் அவை வாழ்கின்றன. படத்தில் ஓர் அம்புக்குறி வரைய எனக்கு ஒரு வினாடி போதும். புதிய தொட்டியில் அந்த அம்புக்குறி உண்டாக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும், ஏனென்றால் இந்தப் பற்றீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை.

அவை பெருக வேண்டுமானால் அவற்றுக்குத் தீனி வேண்டும். மீனையே விட்டு அதன் கழிவால் பற்றீரியாவை வளர்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதில் பற்றீரியா வளருமுன் மீன் பெரும்பாலும் செத்துவிடும். நாங்கள் மீனுக்குப் பதிலாக உரித்த பச்சை இறால் ஒன்றைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டோம். அது அழுகி அமோனியாவைத் தரும். உம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் பிடிக்கவில்லை. “கறிக்குப் போட வேண்டிய இறால்” என்பது முதல் மூன்று நாள் வந்த முறைப்பாடு. நான்காம் நாளிலிருந்து முறைப்பாடு மணத்தைப் பற்றியதாக மாறியது.

அமோனியாவை அளக்கும் பெட்டி ஒன்று மாமா கிண்ணியாவிலிருந்து அனுப்பியது. மாமா திருகோணமலைப் பக்கம் சுழியோடி அலங்கார மீன் பிடித்து ஏற்றுமதிக்காரருக்குக் கொடுப்பவர். பெட்டிக்குள் இரண்டு போத்தல், ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு நிற அட்டை. குழாயில் ஐந்து மில்லிலீற்றர் தொட்டி நீர் எடுத்து, இரண்டு போத்தலிலும் எவ்வெட்டுத் துளி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் பூச்சியம். அதன்பின் இளம்பச்சை 0.25, பிறகு 0.5, 1, 2 என்று பச்சை கடுமையாகிக்கொண்டே போகும். எல்லாம் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மஃரிபுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் இது ஒரு குடும்பச் சடங்கு போல ஆகிவிட்டது. தம்பி துளி எண்ணுவான், வாப்பா கடிகாரம் பார்ப்பார், நான் கொப்பியில் எழுதுவேன்.

அந்தக் கொப்பி அழகாகத்தான் தொடங்கியது. ஆறாம் நாள் 1. பத்தாம் நாள் 4, புல்லைப் போலப் பச்சை. பதினான்காம் நாள் நைத்திரைற்று முதல் தடவையாகத் தலைகாட்டியது. அதாவது முதலாவது கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது. இருபதாம் நாளுக்குப் பின் அமோனியா மளமளவென்று இறங்கியது. முப்பத்துமூன்றாம் நாள் நைத்திரைற்று பூச்சியம். இரண்டாவது கூட்டமும் வந்துவிட்டது. நைத்திரேற்று மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, அது அப்படித்தான் ஏற வேண்டும். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. ஒன்றே ஒன்றைத் தவிர. அமோனியா இருபத்தேழாம் நாள் 0.25க்கு வந்தது. இருபத்தெட்டாம் நாளும் 0.25. முப்பதாம் நாள், முப்பத்தைந்தாம் நாள், முப்பத்தெட்டாம் நாள், அதே 0.25. இறாலை எடுத்து எறிந்து பல நாளாகிவிட்டது. தொட்டிக்குள் உயிருள்ளது எதுவும் இல்லை என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். பிறகு இந்த அமோனியா எங்கிருந்து வருகிறது?

அதே வாரம் மாமா தொலைபேசியில் பேசினார். கிழக்குக் கரையில் அவர்களுடைய தொழில் ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரைதான். வாடை தொடங்கினால் கடல் கலங்கிவிடும், பிறகு தென்மேற்குக் கரைக்குப் போக வேண்டும். “இந்த வெள்ளிக்கிழம வாறன். ஒரு சோடி வெச்சிரிக்கன். இத உட்டா வாற வருஷம்தான்” என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். 0.25 என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு நான் எப்படிச் சரி என்று சொல்வது? மூத்தம்மாவும் அந்தப் பக்கமாகவே ஓதிக்கொண்டு இருந்தார்.

ஆலோசனைக்கு எங்கள் வீட்டில் ஒருபோதும் பஞ்சம் இல்லை. கத்தாரில் இருக்கும் பெரியம்மாவின் மகன் முழுத் தண்ணீரையும் மாற்றச் சொன்னார். மீன் தீன் விற்கும் கடைக்காரர் அமோனியாவைக் கட்டிவிடும் மருந்து என்று ஒரு போத்தலைக் காட்டினார். அந்த மருந்துகள் அமோனியாவை நஞ்சு குறைந்த வடிவமாக்குவது உண்மைதான். ஆனால் இத்தகைய பெட்டிச் சோதனைகள் பல, கட்டப்பட்ட அமோனியாவையும் சேர்த்தே காட்டும். மருந்து விட்ட பிறகும் அதே பச்சையைப் பார்த்து இன்னொரு போத்தல் வாங்கப் போயிருப்போம். கடைக்காரருக்கு நட்டமில்லை. தம்பியோ 0.25 என்பது “கொஞ்சம்தானே, மீன் பழகிரும்” என்றான். வாப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேன்களைக் கழுவி வைத்தார். ஐந்து நடை மறுபடியும் போக அவர் தயார்.

என் வகுப்புத் தோழிக்கு வேறு யோசனை. பாடசாலை ஆய்வுகூடத்தில் நெஸ்லரின் சோதனைப்பொருள் இருக்கிறதே, அதில் இரண்டு துளி விட்டால் உண்மை தெரிந்துவிடும் என்றாள். அமோனியம் இருந்தால் கபில நிறம் வரும் என்று நாங்கள் செய்முறைப் பாடத்தில் கண்ணால் கண்டது. சிறிய போத்தலில் தொட்டி நீரைக் கொண்டுபோனேன். எங்கள் இரசாயனவியல் டீச்சர் மறுக்கவில்லை. “தொட்டித் தண்ணியோட இண்டைக்குக் கரையில எடுத்த கடல் தண்ணியும் கொண்டு வந்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதிர்ஷ்டவசமாக அது என்னிடம் இருந்தது, தோழிக்குக் காட்டுவதற்காக எடுத்துப் போயிருந்தேன். இரண்டிலும் துளி விட்டார். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகக் கலங்கின. நெஸ்லரின் கரைசல் கடும் காரம். கடல்நீரில் லீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேல் மகனீசியம் உண்டு. காரம் பட்டதும் மகனீசியம் ஐதரொட்சைட்டு வீழ்படிவாகிவிடும். அந்தக் கலங்கலுக்குள் நிறத்தை எங்கே தேடுவது? கிணற்று நீருக்கு உதவும் சோதனை கடல்நீருக்கு உதவாது. அது இரசம் கலந்த நஞ்சு என்பதால் வீட்டுக்கு எடுத்துப்போகவும் முடியாது.

பிறகுதான் டீச்சர் கேட்டார்: “உங்கட பெட்டியில பூச்சியம் எப்படி இருக்கும் எண்டு நீங்க பார்த்திருக்கிறீங்களா?”

அட்டையில் மஞ்சள் இருக்கிறது என்றேன். அட்டையை அச்சடித்தவர் பார்த்த பூச்சியம் அது என்றார். எங்கள் தண்ணீரில், எங்கள் போத்தலில், எங்கள் வெளிச்சத்தில் பூச்சியம் எப்படி இருக்கும்?

அந்தப் பெட்டியில் உள்ளது நெஸ்லரின் முறை அல்ல. 1859இல் பெர்த்தலோ கண்டறிந்த தாக்கத்தின் வழிவந்த சலிசிலேற்று முறை. அதில் அமோனியாவால் உண்மையில் உண்டாவது பச்சைச் சாயமல்ல, நீலச் சாயம். சோதனைக் கரைசலின் சொந்த நிறம் மஞ்சள். மஞ்சளில் நீலம் விழுவதால்தான் பச்சையாகத் தெரிகிறது. இது எனக்குத் தெரிந்ததும் மனதில் ஏதோ தட்டியது. எங்கள் விறாந்தையில் எரிவது நீலம் கலந்த வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழ். மஞ்சள் கரைசலுக்கு நீலம் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லையே.

டீச்சர் அமோனியம் குளோரைட்டு எடுத்துத் தந்தார். மிகுதியைக் கணக்குப் போடுவது என் வேலை. மூலர்த் திணிவு 53.5, அதில் நைத்திரசன் 14. ஆகவே 0.382 கிராமை ஒரு லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரசன் இருக்கும். அதில் 10 மில்லிலீற்றரை எடுத்துக் கடல் நீரால் ஒரு லீற்றராக்கினால் 1 மில்லிகிராம். அதை நான்கு மடங்கு ஐதாக்கினால் 0.25. பரீட்சைக்காகப் பல தடவை செய்து பார்த்த ஐதாக்கல் கணக்குத்தான். ஆனால் அதன் விடைக்காக ஒரு பத்து வயதுப் பையன் வீட்டில் காத்திருந்தது இதுவே முதல் தடவை.

அன்று அஸருக்குப் பிறகு நான்கு குழாய்களை வரிசையாக வைத்தோம். ஒன்றில் தொட்டி நீர். ஒன்றில் பாமசியில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர். ஒன்றில் காலையில் எடுத்த கடல் நீர். ஒன்றில் நான் செய்த 0.25. துளி, குலுக்கல், ஐந்து நிமிடம். விறாந்தை விளக்கின் கீழ் முதல் மூன்றும் ஒரே இளம்பச்சை. காய்ச்சி வடித்த நீரும்! நான்காவது மட்டும் ஐயத்துக்கிடமில்லாத பச்சை, மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் குருடருக்கும் தெரியும் என்று உம்மா சொன்னார். நான்கையும் முற்றத்துக்குக் கொண்டுபோய், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். மூன்று மஞ்சள், ஒன்று பச்சை. இன்னும் பத்து நிமிடம் அப்படியே விட்டபோது மஞ்சள்களும் சற்றே பச்சை பூசிக்கொண்டன. ஐந்து நிமிடம் என்று தாளில் எழுதியிருப்பது அலங்காரத்துக்கல்ல.

பன்னிரண்டு நாளாக எங்களைப் பயமுறுத்திய 0.25 தொட்டிக்குள் இருக்கவில்லை. வாப்பா ஐந்து நடை போய்த் தண்ணீர் முழுவதையும் மாற்றியிருந்தால் அன்றிரவும் அதே பச்சையைத்தான் கண்டிருப்போம். பிறகு கடல் மீது குற்றம் சொல்லியிருப்போம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமா வந்தார். ஒட்சிசன் நிரப்பிக் கட்டிய இரண்டு பைகள், பையொன்றுக்கு ஒரு மீன். மஞ்சளும் கறுப்புமான உடலில் வெள்ளைப் பட்டி போட்டவை. தம்பி படத்தில் கண்ட செம்மஞ்சள் இனம் அல்ல, நமது கடலின் இனம். ஒரு கணம் தம்பியின் முகம் சுருங்கி மறுகணம் மலர்ந்ததை நான் மட்டும் கவனித்தேன். மாமா பைகளை மிதக்கவிட்டு, வெப்பம் சமப்பட்டதும் கட்டை அவிழ்த்து, அதிகம் தாமதிக்காமல் சிறு வலையால் மீனை எடுத்துத் தொட்டிக்குள் விட்டார். பைத் தண்ணீரை வெளியே ஊற்றினார். நன்றாகப் பழகவிட்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று வாசித்திருந்த எனக்கு அது அவசரமாகத் தெரிந்தது. “கொழும்பிலரிந்து வெளிநாடு போற மீன் ஒரு நாள், ஒண்டர நாள் பைக்குள்ள இரிக்கும். பையத் துறந்துட்டு யோசிச்சிக்கிட்டு இரிந்தா மீன் சாகும். இது கிட்டப் பயணம்தான், ஆனா கை பழகிட்டு” என்றார். ஏன் சாகும் என்றேன். “துறந்தா காத்துப் படும். காத்துப் பட்டா தண்ணி கெடும்” என்றார்.

காற்றுப் பட்டால் தண்ணீர் நல்லதாகத்தானே ஆக வேண்டும்? இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அது இரசாயனவியல் புத்தகத்தின் சமநிலை அலகில் இருப்பது தெரிந்தது. நீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும்: ஏற்றமில்லாத அமோனியா, ஏற்றமுள்ள அமோனியம் அயன். பூவின் மென்சவ்வைக் கடந்து மீனுக்குள் எளிதில் புகுந்து நஞ்சாவது முதலாவதுதான். இரண்டுக்கும் இடையிலான பங்கீட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பீ.எச். பெறுமானம். கட்டிய பைக்குள் மீன் விடும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியில்லை, நீர் அமிலப் பக்கம் சாயும். பீ.எச். 7க்கு வந்தால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவம் இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், பீ.எச். ஏறும், அதே தண்ணீரில் அதே அமோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். எங்கள் தொட்டியைப் போல 28 பாகையும் 8.2 பீ.எச்.சும் உள்ள கடல்நீரில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு நஞ்சு வடிவம். நிற அட்டை இரண்டு வடிவத்தையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் சொல்லும். ஆகவே பைக்குள் 2 என்பதும் தொட்டிக்குள் 2 என்பதும் ஒரே பச்சைதான், ஒரே ஆபத்து அல்ல. லே சற்றலியேயின் தத்துவத்தை நான் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். மாமா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் அவருடைய கைக்கு அது தெரிந்திருக்கிறது.

மீன் வந்த ஐந்தாம் நாள் மாலை, முற்றத்து வெளிச்சத்தில், குழாய் பச்சையாக நின்றது. அட்டையில் 0.5.

யாரும் பதறவில்லை. “அது அந்த விளக்கு விஷயம்தானே” என்றார் உம்மா. வாப்பாவும் சிரித்தார். ஒரு தடவை பொய் சொன்ன பெட்டி என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் தனியே ஒரு குழாயைச் சோதித்ததே இல்லை. தொட்டி நீரின் பக்கத்தில் காய்ச்சி வடித்த நீர் எப்போதும் நிற்கும். அன்று அது மஞ்சளாக இருந்தது. இரண்டுக்கும் போத்தல் ஒன்று, வெளிச்சம் ஒன்று, நிமிடம் ஒன்று. வித்தியாசம் தண்ணீரில் மட்டும்தான். அதைச் சொன்னேன். வாப்பா இரண்டு குழாயையும் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், சிரிப்பு நின்றது. தொட்டியைப் பார்த்தால் ஒரு மீன் மேல் மட்டத்தில், பம்பியின் தண்ணீர் விழும் இடத்தை விட்டு நகராமல், பூ மூடியை அடித்து அடித்துச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மீன் ஐந்து நாளில் போட்ட கழிவா? அந்தப் பற்றீரியாக்கள் ஓர் இறால் முழுவதும் அழுகியதையே தின்று தீர்த்தவை. தீனும் கணக்காகத்தான் போட்டோம். வேறெங்கோ ஏதோ அழுகுகிறது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பின்பக்க மூலையில், ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஒரு பெரிய சங்கு. தொட்டியில் சங்கு வைத்ததாக எனக்கு நினைவில்லை. எடுத்து முகர்ந்தபோது இறால் நாளெல்லாம் நல்ல நாளாகத் தோன்றியது. தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீனுக்கு வீடு இருக்கட்டும் என்று கடற்கரையில் பொறுக்கி வந்து வைத்தானாம். உள்ளே யாரோ குடியிருப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் அழுதது மீனுக்காகவா, சங்குக்குள் இருந்த அந்தப் பிராணிக்காகவா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியாது. மூத்தம்மா அவனைத் திட்டவில்லை. தலையைத் தடவி, “அறியாமச் செஞ்சதுக்கு அல்லாஹ் மன்னிப்பான். இப்ப அறிஞ்சிட்டாய்” என்று சொல்லி, சங்கை முற்றத்தில் வேலியோரம் புதைக்கச் சொன்னார்.

வாப்பா கழுவி வைத்த கேன்கள் அன்று வேலைக்கு வந்தன. இஷாவுக்கு முன் இரண்டு கேன் கடல் நீர் வந்துவிட்டது. அடைக்கப்பட்ட மூலையில் தேங்கிய அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, மொத்தம் முப்பது லீற்றரை மாற்றினோம். கரைத் தண்ணீர் இரவில் தொட்டியைவிடச் சற்றுக் குளிராக இருந்ததால் கேன்களை அரைமணி நேரம் விறாந்தையில் வைத்திருந்துதான் ஊற்றினோம். அந்த அரைமணி நேரம் மிக நீளமாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 0.5 பூச்சியமாகிவிடாது, ஏறக்குறைய 0.33 ஆகும். மிகுதி பற்றீரியாவின் வேலை. தீன் போடுவதை நிறுத்தினோம். நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது வாப்பா ஏற்கெனவே கதிரை போட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்.

காலையில் வெளிச்சம் வந்ததும் குழாய்கள் இரண்டையும் பிடித்தோம். தொட்டி நீர் காய்ச்சி வடித்த நீரைவிடச் சிறிது பச்சை, 0.25க்குக் குறைவு. மறுநாள் மாலை இரண்டும் மஞ்சள். மேல் மட்டத்தில் நின்ற மீன் அதற்கு முன்பே கீழே இறங்கி, மற்றதைத் துரத்தத் தொடங்கியிருந்தது. அந்த மூச்சு வாங்கலுக்கு அமோனியா மட்டும்தான் காரணமா என்று டீச்சர் கேட்டார். அழுகல் ஒட்சிசனையும் தின்னும் என்றார். இருக்கலாம். சங்கு இரண்டுக்கும் பொறுப்பாளி.

இப்போது சோதனையைத் தம்பிதான் செய்கிறான். வாரத்துக்கு இரண்டு முறை, அஸருக்குப் பிறகு, முற்றத்தில், இரண்டு குழாய். போத்தல்களின் காலாவதித் திகதியைச் சிவப்புப் பேனையால் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். வெளியில் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஆற்று வாய்கள் வெட்டுப்பட்டு நன்னீர் கடலில் கலந்தால் கரைத் தண்ணீரின் உப்புக் குறைந்துவிடும் என்று மாமா எச்சரித்ததால், வாப்பா எட்டுக் கேன்களை நிரப்பி, வெயில் படாமல் சாக்கால் மூடி, சமையலறையின் பின்பக்கம் அடுக்கியிருக்கிறார். உம்மா தேங்காய்ச் சாக்கை வைக்கும் இடம் அது. அதைப் பற்றி நேற்றிரவு வீட்டில் ஒரு பேச்சு நடந்தது, இன்னும் முடியவில்லை.